போடி லைனில் பஸ் விட்டுப் பார்ப்போம்: தனித்தடம் திட்டமிடப் புதிதாக வருபவர்களுக்கு

2025 நவம்பரில் மதுரை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர், 11,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள் தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சில்கூட பி.ஆர்.டி.எஸ். என்ற சொல் அடிபடுகிறது. பஸ்ஸுக்கென்றே ஒரு தடம், படி ஏறாமல் நேராக உள்ளே நுழைகிற நிறுத்தம், ஏறும் முன்பே டிக்கெட், அடுத்தடுத்து வண்டி. அவ்வளவுதான் அது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு யோசனையோடு வருவார்கள். "சார், பழைய ரயில் தடம் எங்கயாவது சும்மா கெடந்தா அதுல பஸ் விட்டுரலாம்ல? நெலம் எடுக்க வேணாம், நேர்கோடு, குறுக்க யாரும் வரமாட்டாங்க." இந்த மூன்றில் ஒன்றுதான் முழுக்கச் சரி: நேர்கோடு. மற்ற இரண்டும் எவ்வளவு தூரம் சரி என்று கண்டுபிடிப்பதுதான் திட்டமிடுகிறவரின் வேலை.

பயிற்சிக்கு நான் எப்போதும் எடுப்பது மதுரை–போடிநாயக்கனூர் லைனை. 1928-ல் வந்த 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. ஏலக்காய் மலையின் அடிவாரத்திலிருந்து மதுரைச் சந்தைக்குச் சரக்கு இறங்கிய வழி. 2010 முடிந்ததோடு அகலப் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள். அடுத்த ரயில் தேனி வரை வந்தது 2022 மே மாதம். போடியை எட்டியது 2023 ஜூன். நடுவில் பதினோரு வருடத்துக்கு மேல் ரயில் இல்லை; அதில் பல வருடம் அது வெறும் மண் கரையாகக் கிடந்தது. ஆடு மேய்ந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், சோளம் காயப் போட்டார்கள்.

நீங்கள் 2011-ல் நிற்கிறீர்கள், கரை உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் போதும். தடம் அன்று இருந்தபடி, பயணிகள் இன்று இருப்பதுபோல. பயிற்சிக்கு இந்தச் சின்னப் பொய் பரவாயில்லை. ஒன்று மட்டும்: இன்று அதில் ரயில் ஓடுகிறது, தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். பார்க்க வேண்டியதை ரயில் ஜன்னலிலிருந்தும் கேட்டில் நின்றும் பாருங்கள்.

1. முதலில் ரயில் திரும்புமா என்று கேளுங்கள்

கரையில் தார் ஊற்றிய பிறகு ரயிலைத் திரும்பக் கொண்டுவருவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் முதல் கேள்வி பஸ்ஸைப் பற்றியதே அல்ல.

போடி லைன் இந்த விஷயத்தில் நல்ல வாத்தியார். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010-க்குப் பிறகு இன்னொரு தடவை பெயர்த்தார்கள், அதுவும் திரும்பியது. இன்று போடியில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். 2011-ல் யாராவது ஆர்வக்கோளாறில் கரையைப் பஸ்ஸுக்குக் கொடுத்திருந்தால் தேனி மாவட்டத்துக்கு ரயிலே இல்லாமல் போயிருக்கும். எனவே இந்தப் பயிற்சியின் நேர்மையான விடை, நீண்ட தூரத்துக்கு "கொடுக்காதே" என்பதுதான். அப்புறம் எதற்குப் பயிற்சி என்றால், இருபது முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துபோகிற கிளைப் பாதை, சர்க்கரை ஆலைக்கோ துறைமுகத்துக்கோ போன பக்கவழி, திருப்பம் நேராக்கியதால் ஒதுங்கிப்போன பழைய துண்டு என்று கரைகள் நாடெங்கும் இருக்கின்றன. கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் போன ரயில் 1970-ல் நின்றது; 2011 ஆகஸ்டில் அந்தத் தடத்தில் பஸ் ஓட ஆரம்பித்தது. ரயில்தான் வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கேயும் உண்டு. ஜப்பானில் 2011 சுனாமி கெசென்னுமா, ஓஃபுனாடோ ரயில் பாதைகளை அடித்துக்கொண்டு போனபோது அடுத்த ஆண்டே கெசென்னுமாவில் பஸ்ஸை விட்டார்கள். முதலில் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அது நிரந்தரமாகிவிட்டது. தற்காலிகம் என்ற சொல்லை எந்தக் கோப்பில் பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

2. ஆட்களை எண்ணுங்கள்

தடத்தின் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். ரயில் தடத்தை எண்ணிப் பயனில்லை, அங்கே ஆள் இல்லை. இன்று அந்த ஆட்கள் போகிற வழி தேனி ரோடு. காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, பல்கலை நகர், செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி. இதில் மூன்று இடத்தைத் தேர்ந்தெடுத்து காலை 7 முதல் 11 வரை, மாலை 4 முதல் 8 வரை நில்லுங்கள்.

ஓடும் பஸ்ஸில் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது? எண்ண முடியாது. பார்த்த மாத்திரத்தில் ஒரு எண் போட வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் முறை: காலி என்றால் 0, பாதி சீட் 1, சீட் நிறைந்திருந்தால் 2, கொஞ்சம் பேர் நின்றால் 3, கம்பியைப் பிடிக்க இடமில்லை என்றால் 4, படியில் தொங்கினால் 5. முதல் நாள் ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி உண்மையாக எண்ணிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் 3 என்றால் ஐம்பத்தைந்தா அறுபதா என்று தெரியும். காலை எட்டேகாலுக்கு உசிலம்பட்டியிலிருந்து வரும் வண்டி செக்கானூரணிக்குள் நுழைவதைப் பாருங்கள். முன்படியில் நான்கு பேர், பின்படியில் ஆறு பேர், ஜன்னல் வழியாக உள்ளே போன புத்தகப் பைகள் யாரோ ஒருவர் மடியில் அடுக்கடுக்காக. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுப்பதில்லை. இதற்கு 5 போதாது என்று ஒரு மாணவி 6 போட்டிருந்தார். நான் திருத்தவில்லை.

ஷேர் ஆட்டோ, மினி பஸ், கல்லூரி பஸ், ஒரே டூவீலரில் மூன்று பேர் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பஸ் நன்றாக இருந்தால் அதற்கு வரக்கூடியவர்கள் இவர்கள்தான்.

கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினிலிருந்து கணக்கு கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். மகளிர் விடியல் பயணத்தில் ஏறும் பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் அடிப்பதால் அவர்கள் கணக்கில் வந்துவிடுவார்கள். இலவச பாஸில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. மெஷினை மட்டும் பார்த்தால் காலைக் கூட்டத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

நாள் பார்த்து எண்ணுங்கள். எங்கள் குழு ஒரு தடவை வைகாசி மாதம் போய் நின்று, "என்ன இப்படிக் கூட்டம்" என்று பூரித்துப்போய் அறிக்கையே எழுதிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தால் வளர்பிறை முகூர்த்தம். பட்டுச்சேலை கட்டியவர்கள் அத்தனை பேரைப் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன்; திருவிழா, முகூர்த்தம், அமாவாசை தவிர்த்து. இதுதான் கணக்கு.

எண்ணியது பாதி வேலை. மீதி, எங்கே போகிறீர்கள் என்று கேட்பது. நூறு பேரைக் கேட்டாலே ஒரு உருவம் கிடைத்துவிடும். ரயில் தடம் மதுரை ஜங்ஷனில் முடிகிறது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாரா, கலெக்டர் ஆபீஸுக்கா, மாட்டுத்தாவணி போய் வேறு பஸ் பிடிக்கவா? ஊருக்கு வெளியிலேயே இறங்குகிறவர்களையும் மறக்காதீர்கள்: காமராசர் பல்கலைக்கழகம், கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி, வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பூங்கா. மதுரையிலிருந்து காலையில் எதிர்த்திசையில் போகும் கூட்டம் இவர்களால்தான். இரண்டு திசையிலும் ஆள் இருக்கும் தடம் கிடைப்பது அதிர்ஷ்டம். பஸ் காலியாகத் திரும்ப வேண்டாம்.

3. ரயில் ஊரின் முதுகைப் பார்த்துப் போகும்

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ரோடு ஊரின் வாசல் வழியாகப் போகும்; ரயில் கொல்லைப்புறமாகப் போகும். ரயில் போட்டவர்களுக்குச் சரிவும் வளைவும் முக்கியம், டீக்கடை முக்கியமில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் அந்தப் பாதை மலையை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அவர்கள் எதற்குக் கவலைப்பட்டார்கள் என்று புரியும்.

விளைவு என்ன? பழைய ஸ்டேஷன் பல ஊர்களில் ஊரிலிருந்து தள்ளி இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு ரயில் வந்த காலத்தில் அந்தத் தூரத்தை நடந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ரோட்டில் வரும்போது யாரும் பின்பக்கமாக நடந்து போய் நிற்க மாட்டார்கள். பஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி.

எனவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஊர் நடுவிலிருந்து நடந்து பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. ஒரு தடவை மத்தியான வெயிலில், ஒரு தடவை இரவு ஒன்பது மணிக்கு. வழியில் விளக்கு எத்தனை, டாஸ்மாக் இருக்கிறதா, மழை பெய்தால் சேறாகுமா, நாய் எத்தனை. இரவு நடைக்குக் குழுவில் உள்ள பெண்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். "பரவாயில்ல சார், நடக்கலாம்" என்று ஆண்கள் எழுதிய வழியை அவர்கள் அடித்துவிட்டு வேறு வழி போட்ட அனுபவம் எனக்கு உண்டு. எட்டு நிமிட நடைக்கு மேல் போனால் அந்த இடத்தில் இரண்டில் ஒன்று செய்யுங்கள். ஊரிலிருந்து நிறுத்தம் வரை நல்ல நடைபாதையும் விளக்கும் திட்டச் செலவிலேயே சேருங்கள். அல்லது பஸ்ஸைக் கரையிலிருந்து இறக்கி ஊருக்குள் விட்டு மறுபடி கரையில் ஏற்றுங்கள்.

இரண்டாவது வழி ரயிலுக்கு முடியாது, பஸ்ஸுக்கு முடியும். பஸ்ஸின் முழு லாபமே அதுதான் என்பேன். ஜப்பானில் சுனாமிக்குப் பிறகு ஊர்கள் மேட்டுப் பக்கம் மாறியபோது பஸ் நிறுத்தங்களும் கூடவே மாறின. பேரையூர், எழுமலைப் பக்கத்து வண்டிகள் தங்கள் ஊரில் சாதாரண ரோட்டில் ஓடி, தடத்தில் ஏறி, மதுரைக்குள் இறங்கலாம். பயணி வண்டி மாற வேண்டியதில்லை. "உசிலம்பட்டி வரை தனித்தட பஸ், அங்கே இறங்கி மாறுங்கள்" என்ற திட்டத்தைக் கையில் மூட்டையோடும் குழந்தையோடும் வருகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். பதில் உடனே கிடைக்கும்.

4. டேப்பை எடுங்கள்

"நிலம் எடுக்க வேணாம்" என்பது இங்கே உடையும். மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையின் கரை மேல்பகுதி 6 மீட்டருக்கும் குறைவு. பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். கண்ணாடிகளையும் ஓட்டத்தின் அசைவையும் சேர்த்தால் ஒரு தடத்துக்கு மூன்றரை வேண்டும். போக ஒன்று, வர ஒன்று, ஓரத்தில் கொஞ்சம் என்று 9 மீட்டர் ஆகிவிடும். நிறுத்தம் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் 3 மீட்டர் மேடை. நிற்கிற பஸ்ஸை இன்னொன்று தாண்டிப்போக வழி வேண்டுமென்றால் 20-ஐத் தொடும். இதைக் குறைக்க ஒரு பழைய தந்திரம்: இரண்டு மேடைகளையும் எதிரெதிரே வைக்காமல் முன்னே ஒன்று பின்னே ஒன்றாகத் தள்ளி வையுங்கள். எந்த இடத்திலும் ஒரு மேடை, ஒரு தாண்டு தடம்தான் வரும். 14, 15 மீட்டரில் முடிந்துவிடும்.

கரையின் அடி அகலம் வேறு கணக்கு. மேலே 6 மீட்டர், உயரம் 3 மீட்டர், ஒன்றுக்கு இரண்டு சரிவு என்றால் அடியில் 18 மீட்டர் இருக்கும். மேலே 9 ஆக்கினால் அடியில் 21. ரயில்வே எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் இடம் இருக்கும், சில இடங்களில் கல்லைத் தாண்டி யாருடைய தோட்டமோ வந்திருக்கும், சில இடங்களில் கல்லே இருக்காது. விஏஓ ஆபீஸில் புலப்படம் வாங்கி, சர்வே எண் வாரியாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பட்டா நிலம் சிக்கினால் 2013 நிலம் எடுப்புச் சட்டம் வந்துவிடும். அதற்கு ஆகும் காலத்தை முதலிலேயே அட்டவணையில் போடுங்கள்.

கரையை அகலப்படுத்தும்போது பழைய சரிவின் மேல் புது மண்ணை அப்படியே கொட்டக் கூடாது. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, அதன் மேல் அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். பல பத்து வருடம் ரயில் மிதித்த மண் கல்லாக இருக்கும், நேற்று கொட்டியது உட்காரும். நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு, அதுவும் சரியாகப் பஸ் சக்கரம் ஓடும் இடத்தில். கரிசல் மண் பகுதி என்றால் இன்னும் கவனம். மண்ணைச் சோதனைக்கு அனுப்பாமல் ஒரு சென்டிமீட்டர்கூட முடிவு செய்யாதீர்கள். நிறுத்தங்களில் மட்டுமாவது தார் வேண்டாம், கான்கிரீட் போடுங்கள். ஒரே இடத்தில் நாள் முழுக்கப் பிரேக் பிடித்தால் தார் குழைந்து பள்ளமாகும்.

பழைய பாலங்கள் பஸ்ஸின் எடையைத் தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். எடை பெரும்பாலும் பிரச்சினையில்லை, அகலம்தான் பிரச்சினை. பஸ் அதிகம் இல்லாத தடமென்றால் பாலத்தில் மட்டும் ஒற்றைத் தடம் வைத்து, எதிர் வண்டி ஒதுங்கிக் காத்திருக்க இடம் கொடுக்கலாம். கெசென்னுமாவில் தனித்தடத்தையே ஒற்றையாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஆங்காங்கே ஒதுங்குமிடத்தோடு. கால் மணிக்கு ஒரு வண்டிக்கு அது சரி. மூன்று நிமிடத்துக்கு ஒன்றென்றால் நடக்காது.

5. தண்ணீர்

ரயில் கரை என்பது நம் ஊரில் இன்னொரு கண்மாய்க்கரை மாதிரி. அதன் அடியில் போகும் சிறுபாலம் ஒவ்வொன்றும் யாருடைய வயலுக்கோ போகும் வழி. ஒரு கண்மாயின் கலுங்கு நிறைந்து வழிந்தால் அடுத்த கண்மாய்க்கு அதன் வழியாகத்தான் போகும். கோடையில் பார்த்தால் வெறும் கருவேலம் முளைத்த ஓட்டை. "இதை அடைச்சிரலாம்" என்று தோன்றும். ஐப்பசி மழையில் பாருங்கள். அடைத்தால் மேலே உள்ள ஊர் முங்கும், கீழே உள்ள ஊர் காயும். இரண்டு ஊரும் சேர்ந்து உங்கள் தடத்தை வெட்டிவிடும், அதில் தப்பும் சொல்ல முடியாது.

கரையோரம் இருக்கும் மடை, ஓடை, வாய்க்கால் எல்லாவற்றையும் பெயரோடு குறியுங்கள். நீர்வளத் துறை வரைபடத்தில் இல்லாத வாய்க்காலை நீர்ப்பாய்ச்சிகளும் பெரியவர்களும் காட்டுவார்கள். கரையை அகலப்படுத்தினால் சிறுபாலத்தை அதே அளவில் நீட்டினால் போதாது. நீளம் கூடினால் தண்ணீர் மெதுவாகும், குப்பை அடைக்கும். ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

6. "குறுக்க யாரும் வரமாட்டாங்க"

வருவார்கள். ரயில் ஓடாத தடம் ஒரு வருடத்தில் ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடும். ஒத்தையடிப் பாதைகள் எத்தனை என்று எண்ணினால் மலைத்துப்போவீர்கள்: பள்ளிக்கு, ரேஷன் கடைக்கு, சாமி கும்பிட, காலைக்கடனுக்கு. ரயில்வே கேட் மூன்று என்று வரைபடம் சொல்லும், உண்மையில் முப்பது இடத்தில் கடப்பார்கள். அவர்கள் போகும் வழியை அடைத்து வேலி போட்டால் இரண்டாம் வாரம் வேலியில் ஓட்டை இருக்கும். அதிகம் பேர் கடக்கும் ஐந்தாறு இடத்தைத் தேர்ந்து அங்கே முறையான கடவை, விளக்கு, வேகத்தடை போட்டு மற்றதை அடைப்பது ஓரளவு நிற்கும்.

ரயில்வே கேட்டில் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சத்தம் கேட்கும், கேட் விழும், நிற்போம். பஸ்ஸுக்கு அந்தச் சத்தம் இல்லை. மின்சார பஸ் என்றால் சுத்தமாகக் கேட்காது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டை இறக்கவும் முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2005-ல் பழைய ரயில் தடத்தில் ஆரஞ்சு லைன் பஸ்ஸை விட்டபோது ஆரம்ப வாரங்களிலேயே கார்கள் குறுக்கே வந்து மோதின. சந்திப்புகளில் பஸ்ஸை மணிக்கு 16 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று. தனித்தடத்தின் வேகத்தைத் தின்பது சந்திப்புதான். கேம்பிரிட்ஜ் தடத்திலும் ஓரமாக நடந்தும் சைக்கிளிலும் போனவர்களில் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் கார்காரன் எவ்வளவு தூரத்திலிருந்து பஸ்ஸைப் பார்க்க முடியும் என்று நின்று பாருங்கள். சுவரோ கருவேலமோ மறைத்தால் எடுங்கள். பஸ் வரும்போது பச்சை விழும் சிக்னல் போடுங்கள். பெரிய ரோடு என்றால் மேம்பாலமோ சுரங்கமோ தவிர வழியில்லை. நம் ஊர்ச் சுரங்கப்பாதை மழைக்கு நீச்சல் குளமாவதால் நான் மேலே போவதையே சொல்வேன்.

7. எந்த பஸ் என்பதை மேடைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

அகமதாபாத்தின் தனித்தட பஸ்ஸான ஜன்மார்க்கில் நிறுத்தம் நடு ரோட்டில் இருக்கிறது, அதனால் பஸ்ஸுக்கு வலது பக்கம் கதவு. அங்கே அதற்கென்றே வண்டி வாங்கினார்கள். நம் அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்ஸுக்குக் கதவு இடதில். எழுமலை பஸ்ஸும் இந்தத் தடத்தில் ஏற வேண்டுமென்றால் மேடை இடது பக்கம்தான் வர வேண்டும். ரயில் கரையில் அது சுலபம், நடு ரோட்டுப் பிரச்சினை இங்கே கிடையாது.

உயரம்: தாழ்தள பஸ்ஸின் தரை சுமார் 400 மில்லிமீட்டர், சாதாரண பஸ்ஸில் இரண்டு மூன்று படி ஏற வேண்டும். இரண்டும் ஓடும் தடத்தில் தாழ்ந்த மேடைதான் சரி. உயர்ந்த மேடை கட்டிவிட்டுப் பிறகு தாழ்தள வண்டி வாங்கினால் பயணி மேடையிலிருந்து பஸ்ஸுக்குள் குதிக்க வேண்டியிருக்கும். பாட்டியை நினைத்துக்கொண்டு வரையுங்கள்.

கட்டணத்தில் நம் ஊருக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். தனித்தட வண்டிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துக் கட்டணம் போட்டால், 2021-லிருந்து காசு கொடுக்காமல் வேலைக்குப் போய்வரும் பெண்கள் அதில் ஏறவே மாட்டார்கள். நீங்கள் எண்ணிய கூட்டத்தில் பெரிய பங்கு பழைய ரோட்டிலேயே நிற்கும். இதைத் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

8. வண்டிக் கணக்கு

இது பள்ளிக் கணக்குதான். உதாரணத்துக்கு 12 கிலோமீட்டர் தடம். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 1,200 பேர், ஒரு பஸ்ஸுக்கு 60 பேர். மணிக்கு 20 வண்டி, அதாவது 3 நிமிடத்துக்கு ஒன்று. தனித்தடத்தில் சராசரி 24 கிலோமீட்டர் வேகம் என்றால் போக 30 நிமிடம், வர 30, இரண்டு முனையிலும் ஐந்தைந்து நிமிட ஓய்வு. மொத்தம் 70. மூன்றால் வகுத்தால் 24 வண்டி.

அதே கூட்டத்தை நெரிசல் ரோட்டில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றினால் போக 48, வர 48, ஓய்வு 10. 106-ஐ மூன்றால் வகுத்தால் 36 வண்டி வேண்டும். வேகம் கூடினால் 12 வண்டியும் அதற்கான டிரைவர் கண்டக்டரும் மிச்சம். நிதித் துறையிடம் பேசும்போது பயணியின் நேர மிச்சத்தைவிட இந்த 12 நன்றாகக் காதில் விழும். பழுதுக்கு என்று பத்தில் ஒரு பங்கு கூடுதல் வைக்க மறக்காதீர்கள்.

9. கடைசி மூன்று கிலோமீட்டர்

ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டர் பறந்து வந்துவிட்டு ஊருக்குள் 3 கிலோமீட்டருக்கு அரை மணி நின்றால் பயணி ஞாபகம் வைத்திருப்பது அந்த அரை மணியைத்தான். ரயில் தடம் ஜங்ஷனுக்குள் போய்விடும், பஸ் போக முடியாது. முன்பே எங்காவது இறங்கியாக வேண்டும். பெரியார் பஸ் நிலையமா, ஆரப்பாளையமா? பெரியாரிலிருந்து ஜங்ஷன் நடை தூரம், டவுன் பஸ் எல்லாம் அங்கே. ஆரப்பாளையத்தில் தேனிப் பக்கத்து வண்டிகளும் அந்தப் பயணிகளின் பழக்கமும் இருக்கின்றன. நான் கேட்டால் முனையே வேண்டாம் என்பேன்: வண்டி பெரியாரைத் தொட்டு, கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி வரை போகட்டும், அந்தப் பகுதியில் தனித்தடம் கிடைக்காவிட்டாலும் சிக்னலில் முன்னுரிமை கிடைக்கட்டும்.

டில்லியில் 2008-ல் வந்த தனித்தடம் 5.8 கிலோமீட்டர்தான், கார் வைத்திருந்தவர்கள் கோபம் தாங்காமல் 2016-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் ரோட்டின் ஒரு பகுதியை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தெருக் கடைக்காரர்களிடமும் தள்ளுவண்டிக்காரர்களிடமும் கல் நடுவதற்கு முன்பே பேசுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் வண்டி எப்படிச் சுற்றிப் போகும் என்பதற்கு ஒரு தனி வரைபடம் வேண்டும். அதைத் தயாராக வைத்திருந்தால் கூட்டத்தில் உங்கள் மதிப்பு சட்டென்று ஏறும்.

10. கோப்புகள்

நிலம் ரயில்வேயுடையது, மதுரைக் கோட்டத்தில் தொடங்கி மேலே போகும். குத்தகையா, விற்பனையா, எத்தனை வருடம், ரயில் திரும்ப வேண்டுமென்றால் யார் எப்படிக் காலி செய்வது என்பது எழுத்தில் வேண்டும். தேனி ரோடு தேசிய நெடுஞ்சாலை 85, அதைக் கடக்கும் இடத்துக்குத் தனி அனுமதி. வாய்க்காலுக்கு நீர்வளத் துறை, ஊருக்குள் மாநகராட்சி, வெளியே ஊராட்சிகள், வழித்தடத்துக்குப் போக்குவரத்துத் துறை, தனியார் பஸ் பெர்மிட் வைத்திருப்பவர்கள். ஒரே ஒரு வரைபடத்தில் எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை யாருடையது என்று வண்ணம் போட்டு எல்லாக் கோப்பிலும் அதையே வையுங்கள். நான்கு துறைக்கு நான்கு வரைபடம் போனால் நான்கு வருடம் போகும்.

11. தார் ஊற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்

கரை இன்னும் மண்ணாக இருக்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. திட்டமிட்ட நேர அட்டவணையில் இப்போதிருக்கும் ரோட்டிலேயே மூன்று மாதம் பஸ் விடுங்கள்: அதே நிறுத்தங்கள், அதே இடைவெளி, அதே பெரியார்–மாட்டுத்தாவணி நீட்டிப்பு. வேகம் வராது, ஆனால் ஆட்கள் எங்கே ஏறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை என்று தெரிந்துவிடும். வரைபடத்தில் நீங்கள் ஆசையாக வைத்த இரண்டு நிறுத்தமாவது அடிபடும்.

இதைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்டால்: வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரப்பாளையம் போங்கள். கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். உசிலம்பட்டி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் கிடைத்தால் படியும் தெரியும், ரோடும் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர், இறங்கியவர், நின்ற விநாடி. திரும்பும்போது ரயிலில் வாருங்கள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஊர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே.